பயிர்க் கழிவும் பயன்படு பொருளும்: ஒரு வணிகனின் கணக்கு

நன்னூல் செய்த பவணந்தி முனிவர் சமணர். அவரை ஆதரித்த சீயகங்கன் கங்கர் மரபினன், இன்றைய கோலார்ப் பக்கத்தோடு தொடர்புள்ளவன். தமிழ்ப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் படித்துவரும் இலக்கண நூலுக்கு, நாம் பிழைக்க வந்த இந்தக் கன்னட நாட்டோடு இப்படி ஓர் உறவு உண்டு. தமிழ்ச் சமணனாகப் பிறந்து, பெங்களூர் தரகுப்பேட்டையில் கயிறும் சாக்கும் விற்றே முடி நரைத்துப்போன எனக்கு இதைச் சொல்லிக்கொள்வதில் கொஞ்சம் பெருமைதான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த நன்னூலில் மாணாக்கரைத் தரம் பிரிக்கும் இடம் ஒன்று வரும். கடைசி வரிசை மாணாக்கருக்குச் சொன்ன உவமைகளில் ஒன்று நெய்யரி. நெய்யரி என்றால் நெய் வடிகட்டுகிற பன்னாடை. நல்ல நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசண்டை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆசிரியர் சொன்னதில் நல்லதை விட்டுவிட்டு அல்லதைப் பிடித்துக்கொள்பவன் கடை மாணாக்கன் என்பது கருத்து. நான் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். பிறகு படித்ததெல்லாம் அவென்யூ ரோட்டுப் பழைய புத்தகக் கடைகளில் வாங்கிப் படித்தது. ஆகவே என்னை நெய்யரி என்று யாராவது சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டேன். இந்தக் கட்டுரையே நெய்யரியின் கட்டுரைதான். விளைச்சலை எல்லாரும் பார்க்கிறார்கள். விளைச்சல் போன பிறகு நிற்கிற கசண்டைப் பற்றி நான் சொல்லப்போகிறேன்.

பெயர் இருந்தது, 'கழிவு' இல்லை

எங்கள் ஊர் வந்தவாசிப் பக்கம். நெல்லும் மணிலாக் கொட்டையும் கரும்பும் போட்ட குடும்பம். களத்து மேட்டில் நெல் அடித்தால் நெல்மணி ஒருபக்கம் போகும். மிச்சம் இருப்பது எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. வைக்கோல், பதர், உமி, தவிடு. கரும்பில் சோகை, சக்கை. சோளத்தில் தட்டை. பருத்தியில் மார். தென்னையில் கேட்கவே வேண்டாம்: ஓலை, ஈர்க்கு, பாளை, பன்னாடை, மட்டை, குரும்பை, கொட்டாங்குச்சி. ஒவ்வொன்றும் எங்கே போகும் என்பதும் தெரிந்திருக்கும். வைக்கோல் மாட்டுக்கு, உமி அடுப்புக்கு, மார் கூரைக்கும் அடுப்புக்கும், மட்டை நாருக்கு. எல்லாவற்றையும் சேர்த்துக் குப்பை என்று சொல்லும் ஒரே சொல்லை என் அப்பா வாயால் நான் கேட்டதில்லை. அவர் 'குப்பை' என்றால் எருக்குழி என்று பொருள்.

டிராக்டர் வந்தது, மாடு குறைந்தது. காஸ் அடுப்பு வந்தது, உமி அடுப்பு போயிற்று. அறுவடை இயந்திரம் வந்தது, அடுத்த நடவுக்கு அவசரம் வந்தது. இப்படிப் போக்கிடம் ஒவ்வொன்றாக அடைபட்டபோதுதான் மிச்சமெல்லாம் 'கழிவு' ஆயிற்று. வயலிலேயே கொளுத்துகிற வழக்கமும் பெருகிற்று. வடக்கே வைக்கோல் கொளுத்துவதைத் தொலைக்காட்சியில் பார்த்து அங்கலாய்க்கிறோம். கரும்புச் சோகையை நம் ஊரிலும் கொளுத்துகிறோம். மண்புழு, பூச்சி, முட்டை, கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி உயிர் அதில் வேகிறது. கொல்லாமை பேசுகிற குடும்பத்தில் பிறந்த நானும் சிறு வயதில் சோகைக்குத் தீப்பந்தம் பிடித்திருக்கிறேன். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

உள்ளே என்ன இருக்கிறது?

பயிரின் தண்டு, தோல், நார் எதை எடுத்தாலும் அதில் பெரும்பங்கு மூன்று பொருள்கள்தான். ஒன்று செல்லுலோஸ், இரண்டாவது ஹெமிசெல்லுலோஸ், மூன்றாவது லிக்னின். இதைப் புரிந்துகொள்ள நம் ஊர் மண்சுவரை நினைத்துக்கொண்டால் போதும். மூங்கில் பிளாச்சு நட்டு, குறுக்கே நாரால் கட்டி, அதன் மேல் களிமண் அப்புவார்கள். பிளாச்சு போல இழுவைக்கு நிற்பது செல்லுலோஸ். கட்டு நார் போலப் பிணைப்பது ஹெமிசெல்லுலோஸ். களிமண் போல இடைவெளி எல்லாம் நிரப்பி இறுக்கிப் பிடிப்பது லிக்னின்.

பருத்திப் பஞ்சில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு செல்லுலோஸ். அதனால்தான் வெள்ளையாக, மெத்தென்று இருக்கிறது. ஈரத்தில் சீக்கிரம் மக்குகிறது. தேங்காய் நாரில் லிக்னின் மட்டுமே 40 விழுக்காட்டுக்கு மேல். அதனால்தான் சொரசொரப்பு, பழுப்பு நிறம். உப்புத் தண்ணீரில் கிடந்தாலும் எளிதில் அழுகாத குணம். கப்பலுக்குத் தேங்காய் நார்க் கயிறு போனதற்குக் காரணம் இதுதான்.

ஆக, பயிர்க் கழிவிலிருந்து பொருள் செய்வது என்றால் மூன்று வழி. சுவரைப் பிரித்துப் பிளாச்சை மட்டும் எடுத்துக்கொள்வது ஒன்று. காகிதம் இப்படி வருகிறது. களிமண்ணையே பசையாக வைத்துச் சுவரை வேறு வடிவத்தில் அழுத்துவது இன்னொன்று. தட்டும் பலகையும் இப்படி வருகின்றன. ஓர் உயிரைக் கொண்டு சுவரைக் கரைப்பது மூன்றாவது. எரு இப்படி வருகிறது. இவை தவிர, உமி போலச் சிலவற்றில் மண்ணிலிருந்து வந்த தாதுவும் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம் சொல்கிறேன்.

சக்கை காகிதமான கதை

கரூர் மாவட்டம் புகளூர் பக்கத்தில் காகிதபுரம் என்றே ஓர் ஊர். தமிழ்நாடு அரசு 1979இல் தொடங்கிய செய்தித்தாள் காகித நிறுவனத்தின் ஆலை அங்கே இருக்கிறது. 1984இல் உற்பத்தி தொடங்கிற்று. கரும்புச் சக்கையை முக்கிய மூலப்பொருளாக வைத்துச் செய்தித்தாள் காகிதம் செய்ய முனைந்த முன்னோடி ஆலை அது.

100 கிலோ கரும்பு அரைத்தால் சுமார் 30 கிலோ சக்கை வரும். அதில் பாதி தண்ணீர். அந்தச் சக்கை சர்க்கரை ஆலையில் சும்மா கிடக்கவில்லை. அவர்கள் கொதிகலனுக்கு அதுதான் விறகு. விறகை எடுத்துக்கொண்டு போனால் ஆலை எப்படி ஓடும்? இங்கேதான் ஒரு வியாபார மூளை வேலை செய்தது. சக்கையைக் கொடு, அதற்கு ஈடாக எரிபொருளோ நீராவியோ தருகிறோம் என்று பண்டமாற்று ஏற்பாடு செய்தார்கள். இதை நான் ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், கழிவு என்று வெளியிலிருந்து பார்ப்பவர் சொல்லும் பொருள், வைத்திருப்பவருக்குப் பெரும்பாலும் ஏதோ ஒன்றுக்குப் பயன்படும். அதற்கு ஈடு கொடுக்காமல் அதை எடுக்க முடியாது.

சக்கையில் மூன்றில் ஒரு பங்கு போலச் சோறு இருக்கும். அது காகிதத்துக்கு ஆகாது, தண்ணீரைக் குடித்துக்கொண்டு வேலையைக் கெடுக்கும். அதை உதிர்த்துக் கொதிகலனுக்கு அனுப்பிவிட்டு, நாரை மட்டும் காஸ்டிக் சோடாவில் வேகவைத்து லிக்னினைக் கரைத்தெடுக்கிறார்கள். கரைந்து வரும் கருந்திரவத்தையும் எரித்துச் சூடும் சோடாவும் திரும்ப எடுக்கிறார்கள். ஆற்றில் விட்டால் நஞ்சு. அடுப்பில் விட்டால் ஆதாயம்.

உமிக்கரியும் பற்பசையும்

என் ஆயா உமிக்கரியில்தான் பல் விளக்குவார். பித்தளைப் பாத்திரமும் அதே உமிச் சாம்பலில்தான் பளபளக்கும். காரணம், நெற்பயிர் மண்ணிலிருந்து சிலிக்காவை உறிஞ்சி உமியில் சேர்த்து வைக்கிறது. மாடு உமியைத் தின்னாததற்கும் அதுவே காரணம்.

கணக்கு இப்படி: ஒரு டன் நெல்லுக்குச் சுமார் 200 கிலோ உமி. அதை எரித்தால் சுமார் 40 கிலோ சாம்பல். சாம்பலில் பெரும்பகுதி, 85 முதல் 95 விழுக்காடு வரை, சிலிக்கா. அரிசி ஆலைகளில் கொதிகலனுக்கு உமியை எரித்துவிட்டு இந்தச் சாம்பலை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் ரோட்டோரம் கொட்டுவார்கள். காற்றடித்தால் கண்ணைத் திறக்க முடியாது.

நம் பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தில் இதற்கு வழி கண்டார்கள். 1974இல் பேராசிரியர் ஏ.கே.என். ரெட்டி அங்கே தொடங்கிய 'அஸ்த்ரா' என்ற கிராமத் தொழில்நுட்பப் பிரிவில், உமிச் சாம்பலைச் சுண்ணாம்போடு சேர்த்துச் சிமெண்டு போன்ற கட்டுமானப் பொருள் செய்வது பற்றி ஆய்ந்தார்கள். பிற்பாடு அதே கழகத்தில் எரிவாயு ஆக்கம் பற்றிய ஆய்வுக்கூடத்தினர் சாம்பலிலிருந்து சுத்தமான சிலிக்கா எடுக்கும் முறையை உருவாக்கினார்கள். அந்த முறை அழகானது. சாம்பலைக் காஸ்டிக் சோடாவில் கொதிக்கவைத்தால் சிலிக்கா கரைந்து சோடியம் சிலிகேட் ஆகும். அதில் கரியமில வாயுவைச் செலுத்தினால் சிலிக்கா வெள்ளைத் தூளாகக் கீழே படியும். சோடியம் கார்பனேட் மேலே தங்கும். அதில் சுண்ணாம்பைப் போட்டால் மறுபடியும் காஸ்டிக் சோடா கிடைத்துவிடும். போட்ட முதல் திரும்ப வந்துவிடுகிறது. வட்டிக் கடைக்காரனுக்குக்கூட இப்படி ஒரு கணக்கு அமையாது.

இந்த வகை வெள்ளைத் தூள் டயருக்குப் போகிறது, ரப்பருக்குப் போகிறது, பற்பசைக்கும் போகிறது. ஆயாவின் உமிக்கரி ஊரைச் சுற்றிக்கொண்டு மறுபடி வாய்க்கே வந்து சேர்ந்துவிட்டது! ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஏறக்குறைய 700 டிகிரிக்கு மேல் சூடு போனால் சிலிக்கா படிகமாக இறுகத் தொடங்கும். அது எளிதில் கரையாது. அந்தத் தூசு நுரையீரலுக்கும் கெடுதல். எரிப்பதிலும் பக்குவம் வேண்டும்.

மட்டையும் துகளும்

இனி என் சொந்தச் சரக்குக்கு வருகிறேன். திப்டூர், அரசிகெரே பக்கத்திலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் எனக்கு நார்க் கயிறு வரும். தேங்காய் மட்டையில் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் நார். மிச்சம் இரண்டு பங்கு பழுப்புத் துகள். தென்னை நார்க் கழிவு என்பார்கள். ஒரு கிலோ கயிற்றை நான் விற்றால் எங்கேயோ இரண்டு கிலோ துகள் குவிந்துவிட்டது என்று அர்த்தம். இதை முப்பது வருஷம் நான் யோசித்ததே இல்லை. கயிற்றைப் பார்த்தேன், குவியலைப் பார்க்கவில்லை.

ஒருமுறை கயிற்று ஆலைக்குப் போனபோதுதான் பார்த்தேன். வீட்டு உயரத்துக்குக் குவியல். மழை பெய்து அதிலிருந்து கஷாயம் போல சிவந்த தண்ணீர் வழிந்து ஓடியது. பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் நிறம் மாறிவிட்டதாக ஓர் அம்மா சொன்னார். கோடையில் குவியலுக்குள் தீப்பிடித்தால் நாள்கணக்கில் புகையும் என்றார்கள்.

துகளில் லிக்னின் அதிகம், தழைச்சத்து மிகக் குறைவு. கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 112க்கு 1. அதனால் மண்ணில் போட்டாலும் சுலபமாக மக்காது. பயிருக்குப் போக வேண்டிய தழைச்சத்தையும் அது பிடுங்கிக்கொள்ளும். கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதற்குக் கண்ட வழி சிப்பிக் காளான். ஒரு டன் துகளை அடுக்கடுக்காகப் பரப்பி, ஓர் அடுக்கில் காளான் வித்து, அடுத்த அடுக்கில் யூரியா என்று மாறி மாறித் தூவ வேண்டும். மொத்தம் 5 கிலோ யூரியா, 5 புட்டி வித்து. ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் இரண்டு மாதத்தில் கறுத்து எருவாகிவிடும். விகிதம் 24க்கு 1 என்று இறங்கிவிடும். கயிறு வாரியம் 'பித் பிளஸ்' என்ற பெயரில் இதற்கான காளான் வித்தைக் கொடுக்கிறது. அந்த வாரியத்தின் கயிறு தொழில்நுட்ப நிறுவனம் நம் பீன்யாவிலேயே இருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

எங்கள் வீட்டில் காளான் அடுப்பேறியதில்லை. அம்மா அதைக் கையாலும் தொடமாட்டார். உயிரை வளர்த்து உயிரைக் கொண்டு வேலை வாங்குவது சரியா என்று எனக்கே உறுத்தல் இருந்தது. ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். "கொளுத்தினா எத்தனை போகும், மக்கவிட்டா எத்தனை வாழும், நீயே கணக்குப் போட்டுப் பாரேன். நீ வியாபாரிதானே" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

துகளை எருவாக்காமலும் விற்கலாம். தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு. நன்றாகக் கழுவி உப்பைப் போக்கி, காயவைத்து, அழுத்தி 5 கிலோ கட்டியாக்கி ஏற்றுமதி செய்கிறார்கள். ஒரு கட்டியை நனைத்தால் ஏறக்குறைய 70 லிட்டர் அளவுக்கு உப்பும். மண்ணே இல்லாமல் வெளிநாட்டுக் கண்ணாடிக் கூடாரங்களில் தக்காளி காய்ப்பது இதில்தான். ஆனால் கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்பதைக் கேட்காமல் இருக்கக்கூடாது. அதை நேரே ஓடையில் விட்டால், ஒரு கழிவை ஒழித்து இன்னொரு கழிவைப் பெற்றவர்களாவோம்.

நாரிலும் புதுப் பயன் வந்திருக்கிறது. மண் சரியும் சரிவுகளில் நார் வலையை விரித்தால், புல் வேர் பிடிக்கும்வரை தாங்கி நின்று, பிறகு தானே மக்கிவிடும். 2020இல் பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தின் சாலைகளுக்கு இந்த வலையைப் பயன்படுத்த ஒப்புதல் கிடைத்தது. முழு மட்டையையும் அரைத்துச் சூடாக அழுத்தினால், அதிலுள்ள லிக்னினே பசையாக வேலை செய்து கெட்டிப் பலகை ஆகிவிடும் என்று நெதர்லாந்தின் வாஹனிங்கன் ஆய்வாளர்கள் 2004இல் எழுதினார்கள். ரசாயனப் பசையே வேண்டாம். களிமண்தான் சுவருக்குப் பசை என்று முன்னே சொன்னேனே, அதுதான் இது.

நான் ஏமாந்ததும் ஏமாற்றியதும்

2016 மார்ச்சில் கர்நாடக அரசு பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்தது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பல பிளாஸ்டிக் சாமான்களுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை. சாக்கோடு பிளாஸ்டிக் பையும் விற்றவன் நான். தடை வந்ததும் ஒரு மொத்த வியாபாரி 'மக்கும் பை' என்று பச்சை இலைப் படம் போட்ட பைகளைக் கொண்டுவந்து கொடுத்தார். சோளத்தில் செய்தது, மண்ணில் போட்டால் மண்ணாகிவிடும் என்றார். நானும் அதையே என் வாடிக்கையாளரிடம் சொன்னேன். நல்ல விற்பனை.

என் மனைவி ஒரு பையை மாடித் தொட்டியில் புதைத்து வைத்தாள். ஒரு வருஷம் கழித்துக் கிளறியபோது பை இல்லை. ஆனால் நகக்கண் அளவுக்குத் துண்டு துண்டாகப் பிளாஸ்டிக் மண்ணெல்லாம் கலந்து கிடந்தது. "இதுதான் உங்க மண்ணா?" என்று உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. பொய்யாமை விரதம் எடுத்தவன் வருஷம் முழுக்கத் தெரியாமல் பொய்யே விற்றிருக்கிறேன். மிச்சச் சரக்கைத் திருப்பி அனுப்பினேன், பணம் திரும்பவில்லை. அது போகட்டும். சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க முடியவில்லையே, அதுதான் நஷ்டம்.

பிறகு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டது இது. மாவுச்சத்திலிருந்து செய்யும் நல்ல சரக்கும் உண்டு. ஆனால் அதற்கும் ஐ.எஸ்.ஓ. 17088 என்ற தரம் இருக்கிறது. எரு ஆலையில் 58 டிகிரி போன்ற சூட்டில், 180 நாளுக்குள் 90 விழுக்காடு மக்க வேண்டும் என்பது சோதனை. அந்தச் சூடு நம் வீட்டுப் பூந்தொட்டியில் வராது. 'மக்கும்' என்ற சொல் ஒன்றே. எங்கே மக்கும், எத்தனை நாளில் மக்கும் என்று கேட்டால்தான் உண்மை தெரியும்.

பாக்கு மட்டையும் என் அக்காவும்

என் அக்கா மகன் இங்கே மென்பொருள் வேலையில் இருந்தான். அதை விட்டுவிட்டுப் பாக்கு மட்டைத் தட்டு செய்து அமெரிக்காவுக்கு அனுப்பப் போகிறேன் என்றான். எனக்கு ஒரே சந்தோஷம். சிவமொக்கா, தென்கன்னடம் பக்கமெல்லாம் பாக்குத் தோப்பு. மட்டை தானே உதிர்கிறது, மரத்துக்குத் தீங்கு இல்லை. துளு நாட்டு விவசாயிகள் காலங்காலமாக அதில் தொப்பி செய்து போட்டவர்கள். மட்டையை ஊறவைத்துக் கழுவி, சூடான அச்சில் ஒரு நிமிஷம் போல அழுத்தினால் தட்டு. பசை இல்லை, பூச்சு இல்லை. இதைவிடச் சுத்தமான தொழில் உண்டா? நான் இரண்டு லட்சம் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். மீதிக்கு ஊரில் அக்கா பேரில் இருக்கும் மூன்று ஏக்கரை விற்பது என்று பேச்சு.

அக்கா கையெழுத்துப் போடமாட்டேன் என்றாள். "நிலத்த வித்துத் தட்டு செய்வீங்க. அந்தத் தட்டுல போட சோறு எங்கருந்துடா வரும்?" என்று கேட்டாள். நான் அவளோடு சண்டை போட்டேன். உனக்கு உலகம் தெரியாது என்றுகூடச் சொன்னேன். ஆறு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. நிலம் விற்கவில்லை. பையன் வாடகை இடத்தில் இரண்டு அச்சு மட்டும் வைத்துத் தொடங்கினான்.

2025 மே மாதத்தில் அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம், பாக்கு மட்டைத் தட்டுகளை அந்த நாட்டில் உணவுக்குப் பயன்படுத்த ஏற்க முடியாது என்று அறிவித்தது. பாக்கில் அரிகோலின் முதலிய காரப் பொருள்கள் உண்டு. அவை தட்டிலிருந்து உணவில் இறங்கக்கூடும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004லேயே வகைப்படுத்தியது. கொட்டைக்குச் சொன்னது மட்டைக்கும் எவ்வளவு பொருந்தும் என்று நான் யோசித்ததே இல்லை. இயற்கையானது என்றால் தீங்கற்றது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். எட்டி மரமும் இயற்கைதானே!

வங்கியில் கடன் வாங்கி ஏற்றுமதியை நம்பி ஆலை போட்டவர்கள் பாடு பெரும்பாடு. எங்களுக்கு இரண்டு அச்சின் விலையோடு போயிற்று. நான் அக்கா வீட்டுக்குப் போய் நின்றேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. "உட்காரு, சாப்பிடு" என்றாள். வாழையிலைதான் போட்டாள்.

வணிகனின் ஐந்து கேள்விகள்

இவ்வளவும் பார்த்த பிறகு, இந்தத் தொழிலைப் பற்றி யார் வந்து கேட்டாலும் நான் ஐந்து கேள்வி கேட்கிறேன்.

முதல் கேள்வி, வண்டி வாடகை. பயிர்க் கழிவுக்கு விலை குறைவு. ஆனால் அது பஞ்சு போல இடத்தை அடைக்கும். லாரி நிறைந்துவிடும், எடை நிறையாது. ஆகவே விளையும் இடத்துக்குப் பக்கத்திலேயே அதைச் சுருக்க வேண்டும். துகளைக் கட்டியாக அழுத்தியதும் வெளிநாடு போக முடிந்ததே, அது இதற்குச் சாட்சி.

இரண்டாவது, ஈரமும் பருவமும். அறுவடை சில வாரம், ஆலை வருஷம் முழுக்க. இடையில் மழை, பூஞ்சை, தீ. கிடங்குக் கணக்கு போடாதவன் தொழில் கணக்கு போடவில்லை.

மூன்றாவது, இதுவரை அதை யார் வைத்திருந்தார்கள்? வைக்கோல் விலை ஏறினால் ஒற்றை மாடு வைத்திருக்கும் கிழவிக்குத் தீவனம் இல்லை. சும்மா கிடைத்த உமிக்கு விலை வந்தால் அதை எரித்தவருக்கு அடுப்பு இல்லை. காகித ஆலை சக்கைக்கு ஈடு கொடுத்ததே, அந்த நியாயம் எளியவருக்கும் வேண்டும்.

நான்காவது, மண்ணுக்கு எவ்வளவு? எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வந்தால் மண் என்ன தின்னும்? மக்கிய தழைதான் மண்ணுக்கு உயிர். பாதியாவது வயலுக்குத் திரும்ப வேண்டும் என்று என் அப்பா சொல்வார். மண் பார்த்து அளவு கூடலாம் குறையலாம். திரும்ப வேண்டும் என்பது மாறாது.

ஐந்தாவது, கடைசியில் அது என்ன ஆகும், யார் சோதித்தது? தட்டு என்றால் உணவில் என்ன இறங்குகிறது? சக்கைத் தட்டில் எண்ணெய் ஊறாமல் இருக்கச் சில இடங்களில் ஃபுளூரின் சேர்ந்த ரசாயனம் சேர்ப்பதுண்டு. தோல் போன்ற துணி என்றால் மேலே பூசியது என்ன? அன்னாசி இலை நாரில் செய்த 'தோல்' என்று காட்டுகிறார்கள். தோல் பொருளைத் தொடாத எங்களைப் போன்றவர்களுக்கு அது மகிழ்ச்சிதான். ஆனாலும் மேல்பூச்சைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது.

முடிவாக

அக்கா மகன் இப்போது திப்டூர் பக்கத்திலிருந்து நார்த் துகள் வாங்கிக் கழுவி, காளான் வித்து போட்டு மக்கவைத்து, பெங்களூர் மாடித் தோட்டக்காரர்களுக்கு மூட்டையாகக் கொடுக்கிறான். கழுவிய தண்ணீரை நல்ல தண்ணீரில் கலந்து தென்னந்தோப்புக்கே பாய்ச்சுகிறார்கள். சின்னத் தொழில்தான். மாதம் பார்த்தால் பழைய சம்பளத்தில் பாதி வராது. ஆனால் மூட்டை மேல் 'தென்னை நார் எரு' என்று மட்டும் அச்சடித்திருக்கிறான். அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

நம் வீட்டுப் பிள்ளைகள் இந்த ஊரில் பிறந்தவர்கள். சோகை, பதர், பன்னாடை என்ற சொல்லெல்லாம் அவர்கள் காதில் விழுவதே இல்லை. பன்னாடை மட்டும் திட்டாகத் தெரியும். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது களத்து மேட்டுக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டு போங்கள். மிச்சம் கிடப்பது ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லிக் கொடுங்கள். அது எங்கே போகும் என்று கேட்கச் சொல்லுங்கள். பதில் சொல்ல ஊரில் ஒரு அக்காவாவது இருப்பார். அவர் சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேளுங்கள். நான் கேட்கவில்லை, அதனால் சொல்கிறேன்.